பெயர் பவானி இல்லையென்றால்

இயந்திரத்திடம் ஒரு வேலையைச் சொல்வதற்கு முன்னால் அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது சம்யுக்தாவின் கொள்கை. மனிதர்களிடம் அவள் இவ்வளவு மரியாதை காட்டியதாகத் தகவல் இல்லை. ஆனால் மேட்டுப்பாளையம் நெடுந்துயில் மையத்தில் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினிக்கு அவள் எழுதிய ஸ்கிரிப்டுகள், அதாவது கட்டளைத் தொகுப்புகள், எல்லாமே குசல விசாரிப்போடுதான் ஆரம்பிக்கும். உன் பெயர் என்ன? கடைசியாக உன்னை எப்போது நிறுத்திக் கிளப்பினார்கள்? இன்றைக்கு என்ன தேதி? உன்னோடு கூட்டாளி யாராவது உண்டா? மெயின்ஃபிரேம் சளைக்காமல் பதில் சொல்லும். அதற்குக் கூச்சமும் இல்லை, கோபமும் இல்லை. பதில்கள் சரியாக இருந்தால் ஸ்கிரிப்ட் மேற்கொண்டு வேலையைப் பார்க்கும். இல்லாவிட்டால் சத்தம் காட்டாமல் வெளியே வந்துவிடும்.

நெடுந்துயில் மையம் என்பது அரசாங்கம் வைத்த பெயர். 2074-ஆம் ஆண்டிலும் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊருக்கு அது ‘ஐஸ் ஆஸ்பத்திரி’. மருந்தே கண்டுபிடிக்காத நோய் வந்தவர்களை அங்கே குளிரூட்டித் தூங்க வைத்திருந்தார்கள். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பேர். மருந்து வந்ததும் எழுப்பிவிடுவார்கள். மருந்து வந்துவிட்டதா என்று பார்ப்பது டாக்டர்களின் வேலை இல்லை. டாக்டர்கள் மறந்துபோவார்கள், மாற்றலாகிப் போவார்கள், சில சமயம் செத்தும் போவார்கள். ஆகவே அந்தப் பொறுப்பு மெயின்ஃபிரேமுக்கு. தினமும் காலை ஆறு மணிக்குச் சம்யுக்தாவின் ஸ்கிரிப்ட் எழுந்து, புதிதாக அனுமதி பெற்ற மருந்துகளின் பட்டியலை எடுத்து, தூங்குகிறவர்களின் நோய்களோடு ஒப்பிடும். பொருந்தினால் அந்தக் கட்டிலுக்கு எழுப்பும் கட்டளை போகும்.

ஒன்பது மணிக்குச் சம்யுக்தா வந்து திரையைப் பார்ப்பாள். முடிவு: பூஜ்யம். வீட்டில் பிள்ளை பூஜ்யம் வாங்கி வந்தால் முதுகில் நாலு வைப்போம். மெயின்ஃபிரேம் உலகத்தில் பூஜ்யம் வாங்கினால்தான் பாஸ். பூஜ்யம் என்றால் ஸ்கிரிப்ட் ஓடியது, ஒரு தப்பும் நடக்கவில்லை என்று அர்த்தம். பதினாலு வருடமாக அவள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்து வந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்த டாக்டர் ஜெனிலா, வியாழக்கிழமைக்குள் எல்லா நோயாளிகளின் கோப்பையும் படித்து முடித்திருந்தாள். வந்த புதிதில் எல்லோரும் அப்படித்தான். படித்ததோடு நிற்காமல் சம்யுக்தாவின் அறைக்கும் வந்துவிட்டாள்.

“மேடம், முப்பத்தொன்னாம் கட்டில்ல நாச்சின்னு ஒரு குழந்தை. எட்டு வயசுல படுத்துப் பதினாலு வருஷம் ஆச்சு. அவ ஏன் இன்னும் தூங்குறா?”

“மருந்து வரலை. தூங்குறா.”

“மருந்து வந்து ஒன்பது வருஷம் ஆச்சு மேடம். மூணு ஊசி. நான் காலேஜ்ல ரெண்டாவது வருஷத்துலயே படிச்சேன். இப்பல்லாம் அந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில படுக்கக்கூட வேண்டாம், போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்.”

சம்யுக்தா சிரித்தாள். “டாக்டர், அதைத் தினமும் ஒரு ஸ்கிரிப்ட் பார்த்துக்கிட்டிருக்கு. இன்னைக்குக் காலையிலகூடப் பூஜ்யம்.”

“பூஜ்யம்னா?”

“எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்.”

“குழந்தைக்கு எல்லாம் சரின்னா?”

“ஸ்கிரிப்டுக்கு.”

ஜெனிலா நகர்வதாக இல்லை. சரி, இந்தப் பெண்ணுக்கு ஒருமுறை காட்டிவிட்டால் இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று சம்யுக்தா ஸ்கிரிப்டைத் திறந்தாள். பதினாலு வருடமாக யாரும் கை வைக்காத எழுத்து. தன் எழுத்துதான் என்றாலும் பழைய போட்டோவைப் பார்ப்பது மாதிரி கொஞ்சம் அந்நியமாக இருந்தது. இயந்திரம் சொல்லும் பதில்களை எல்லாம் திரையில் காட்டு என்று ஒரு வரி சேர்த்து ஓடவிட்டாள்.

தேதி சரி. கூட்டாளி, ஓசூரில் ஒன்று, சரி. பெயர்: அமராவதி.

அடுத்த வரி அவளே எழுதியது. பெயர் பவானி இல்லையென்றால், ஒன்றும் செய்யாதே, பூஜ்யம் சொல்லிவிட்டு வெளியே வா.

சம்யுக்தா அந்த இரண்டு வரிகளையும் மறுபடி படித்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஓடி எங்கே போவது?

“என்ன மேடம்?” என்றாள் ஜெனிலா.

“நம்மகிட்ட ரெண்டு மெஷின் இருக்கு டாக்டர். இங்க ஒண்ணு, ஓசூர்ல ஒண்ணு. இது படுத்துட்டா அது பார்த்துக்கும். ரெண்டுலயும் ஒரே ஸ்கிரிப்டுதான் ஓடும். ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே கட்டிலுக்கு எழுப்பச் சொல்லிக் கட்டளை போட்டா?”

“சூடு ரெண்டு மடங்கு ஏறும். ஆள் பிழைக்க மாட்டாங்க.”

“அதுக்குத்தான் பேரைக் கேட்டேன். பவானியா இருந்தா எழுப்பு. இல்லைன்னா நீ துணை மெஷின், பேசாம ஒதுங்கிக்கோன்னு எழுதினேன்.”

“சரியாத்தானே எழுதியிருக்கீங்க?”

“இந்த மெஷின் பேரு இப்ப பவானி இல்லையே.”

“மெஷினுக்குப் பேரை எதுக்கு மாத்தினாங்க?”

அதைச் சொல்லத்தான் சம்யுக்தாவுக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால், ஒரே ஆண்டில் பவானி மூன்று தடவை படுத்துவிட்டது. பொறியாளர்கள் வந்தார்கள், பாகங்களை மாற்றினார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. இயக்குநர் ஹர்ஷவர்தன் எண் கணிதத்தில் நம்பிக்கை உள்ளவர். உடுமலையிலிருந்து ஒருவரை வரவழைத்தார். வந்தவர் பெயரைக் கூட்டிப் பார்த்து, எட்டு வருகிறது, சனி பகவான் எண், இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்படி விளங்கும் என்று கேட்டார். அடிக்கடி சீக்கில் விழும் பிள்ளைக்குப் பெயரை மாற்றிக் கூப்பிடுவது நம் ஊரில் புதிதா என்ன? ஆயுத பூஜை அன்றைக்கு மெயின்ஃபிரேமுக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, அமராவதி என்று பெயர் சூட்டினார்கள். எல்லோரும் பொரி கடலை தின்றார்கள். சம்யுக்தாவும் தின்றாள். அதற்கப்புறம் மெஷின் ஒருநாள்கூடப் படுக்கவில்லை என்பது வேறு விஷயம். ஹர்ஷவர்தன் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

பெயர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஸ்கிரிப்டுகளில் பழைய பெயரை நேரடியாக எழுதியிருப்பவர்கள் மாற்றிக்கொள்ளவும். அலுவலக வழக்கப்படி அது மேஜை மேஜையாகச் சுற்றியது. இருபத்திரண்டு பேரும் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது கையெழுத்து சம்யுக்தாவுடையது. இந்த மாதிரி பெயரை நேரடியாக எழுதும் சோம்பேறி எவன் என்று அன்றைக்கு அவள் மனதுக்குள் நினைத்ததுகூட இப்போது ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மேட்டுப்பாளையத்திலும் ஓசூரிலும் ஸ்கிரிப்ட் எழுந்து, பெயரைக் கேட்டு, இது பவானி இல்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி படுத்துவிட்டது. இரண்டு இடத்திலும் பூஜ்யம். பெயர் மாற்றிய பிறகு அந்தக் கட்டிடத்தில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அதை யாரும் விசித்திரமாக நினைக்கவும் இல்லை. அதற்கு முன் நான்கு வருடத்தில் எழுந்தவர்களே மூன்று பேர்தான். மருந்து சுலபத்தில் வருமா என்று விட்டுவிட்டார்கள்.

ஜெனிலாவும் அவளும் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்தார்கள். பத்தொன்பது பேருக்கு மருந்து வந்திருந்தது. அதில் முதலில் வந்தது நாச்சிக்கு.

சம்யுக்தா போய்ச் சொன்னதை ஹர்ஷவர்தன் முழுவதும் கேட்டார். ஐம்பத்தெட்டு வயது, ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மருந்து இப்பத்தான் நம்ம பட்டியலுக்கு வந்துச்சுன்னு சொல்லிடலாம் சம்யுக்தா. பத்தொன்பது குடும்பமும் சந்தோஷமா வந்து கூட்டிட்டுப் போவாங்க. ஒரு பயலும் கேள்வி கேட்கமாட்டான்.”

“சார், ஒன்பது வருஷம்.”

“நீ போய் உண்மையைச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? விசாரணைக் கமிஷன் போடுவாங்க. மெஷினைச் சாட்சிப் பொருள்னு சீல் வைப்பாங்க. அது முடிய நாலு வருஷமோ ஆறு வருஷமோ. அதுவரைக்கும் அந்தக் குழந்தையை யார் எழுப்புவா? நீ எழுப்புவியா, வெந்நீர் ஊத்தி?”

சொல்லவே வெட்கம், ஆனாலும் அதைக் கேட்டதும் சம்யுக்தாவுக்கு வந்தது நிம்மதிதான். மனுஷன் சொல்வதில் நியாயம் இருந்தது. அதோடு அவள் வேலையும் தப்பும், பெயரும் தப்பும். யோசித்துச் சொல்கிறேன் சார் என்று எழுந்து வந்தாள். வராந்தாவில் நடக்கும்போது அந்த நிம்மதி கசந்துகொண்டே வந்து, அறைக்குள் நுழைவதற்குள் காணாமல் போய்விட்டது. உட்கார்ந்து அந்த ஒரு வரியை மாற்றினாள். இனிமேல் பெயரைக் கேட்காதே. நீ முதன்மையா, துணையா என்று மட்டும் கேள். மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். பத்தொன்பது கட்டில்களுக்குக் கட்டளை போயிற்று.

எழுப்புவதற்கு நான்கு நாள் ஆகும். ஒருமுறை சூடேற ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் உயிர் போய்விடும். எந்தக் கமிஷனும், எந்த நீதிபதியும் அதன்மேல் சீல் வைக்கத் துணியமாட்டார்கள். அதை உறுதிசெய்துகொண்டபின், நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் இரண்டு பக்கம் எழுதிச் சுகாதாரத் துறைக்கு அனுப்பினாள். பிறகு நாச்சியின் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

அப்பாவின் பெயர் பிரணேஷ். இரண்டாயிரத்து இருபதுகளில் பிறந்த பையன்களில் பாதிப்பேர் பெயர் ‘ஷ்’ஷில்தான் முடியும். உருளைக்கிழங்கு மண்டியில் மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும், பார்த்தால் அறுபத்தைந்து சொல்லலாம். தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, முதுகும் கொஞ்சம் வளைந்திருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். இன்றைக்கு வியாழக்கிழமை கூப்பிட்டதால் பதறிக்கொண்டு வந்திருந்தார்.

“ஏனுங் மேடம், புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்களே?”

“எழுப்பறோம்ங்க. திங்கட்கிழமை கண் முழிப்பா.”

அவர் கையிரண்டையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால், மேலே ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் போலிருந்தது சம்யுக்தாவுக்கு. ஆனாலும் சொன்னாள். பெயர் கேட்ட கதை, பெயர் மாற்றிய கதை, ஒன்பது வருடம், எல்லாம். எழுதியது தான்தான் என்பதையும் சொன்னாள். பிரணேஷ் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த மருந்து வந்த சமாச்சாரம் எனக்குத் தெரியுமுங்க” என்றார்.

“எப்படி?”

“அப்பவே பேப்பர்ல வந்துச்சுங்க. அதைக் கத்தரிச்சு எடுத்துட்டு நானும் ஊட்டுக்காரியும் இங்க வந்தமுங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணு தனக்குத் தெரியாதுன்னு உங்களைக் கூப்புட்டு வுட்டுச்சு. நீங்க பேப்பரைப் பாத்தீங்க, அப்பறம் கம்ப்யூட்டரைப் பாத்தீங்க. ‘இன்னைக்குக் காலையிலயும் செக் பண்ணியாச்சு, உங்க பொண்ணுக்கு அது பொருந்தலை’ன்னு சொன்னீங்க.”

“நானா?”

“நீங்கதானுங்க.”

சம்யுக்தா எவ்வளவோ முயன்றும் அந்த நாள் ஞாபகத்துக்கு வரவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. அவளைப் பொறுத்தவரை அது இரண்டு நிமிட வேலையாக இருந்திருக்கும். திரையைப் பார்த்திருப்பாள், பூஜ்யம் இருந்திருக்கும், சொல்லியிருப்பாள். திரும்பிப் போய்க் காபி குடித்திருப்பாள்.

“பேப்பர்க்காரன் ஆயரம் எழுதுவான், கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நாந்தான் அவளை அடக்கிக் கூட்டிட்டுப் போனனுங்க” என்றார் பிரணேஷ். “அவ அடங்கல. இன்னொருக்காப் போயிக் கேளுங்க, இன்னொருக்காப் போயிக் கேளுங்கன்னு மூணு வருசம் பொலம்பிட்டே இருந்தா. நாந்தாங் கேக்கல. படிச்சவங்களைப் போயித் திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருந்துட்டேன். அப்பறம் அவளே போயிச் சேந்துட்டா. ஆறு வருசம் ஆச்சுங்க.”

“மன்னிச்சிடுங்க” என்றாள் சம்யுக்தா. சொன்ன உடனே அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று அவளுக்கே தெரிந்தது.

“நீங்க பொய் சொன்னீங்கன்னு நாஞ் சொல்லலீங்க. உங்களுக்குத் தெரியல. தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நாங்க வேற டாக்டரைத் தேடிப் போயிருப்பமுங்க. அவ்வளவுதான்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “புள்ளை எந்திரிக்கட்டும். யாரைத் திட்டறது எவரை வையறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்.”

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஏனுங், அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமுங்களா?”

அதற்குப் பக்கத்தில் நின்றிருந்த ஜெனிலாதான் பதில் சொன்னாள். “தூங்கினவங்களுக்கு நேத்துப் படுத்த மாதிரிதான் இருக்கும் ஐயா. அஞ்சு வருஷ இடைவெளின்னா குழந்தைங்க எப்படியும் கண்டுபிடிச்சிடுவாங்க. பதினாலு வருஷம்னா…” என்று இழுத்தாள். “முதல் நாள் மட்டும் அவளுக்கு எந்த அதிர்ச்சியும் கொடுக்கக்கூடாது. எதைச் சொல்றதா இருந்தாலும் மறுநாள் நாங்க கூட இருந்து சொல்லிக்கலாம்.”

சனிக்கிழமை சம்யுக்தாவுக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. இயக்குநர் அறையைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். மெஷினுக்கும் சீல். பத்தொன்பது கட்டில்களை மட்டும், ஜெனிலா ஒவ்வொருவரோடும் சண்டை போட்டதில், தொடாமல் விட்டார்கள். திங்கட்கிழமை காலை சம்யுக்தா பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு, பதினாலு வருடம் வேலை பார்த்த கட்டிடத்துக்குள் வரிசையில் நின்று போனாள்.

பிரணேஷ் முன்னதாகவே வந்திருந்தார். முதலில் சம்யுக்தாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தலைக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார். மீசையைப் பழைய போட்டோவில் இருப்பதுபோல் மெலிதாகக் கத்தரித்து, அதற்கும் சாயம். காதோரம் தோலில் கறை ஒட்டியிருந்தது. சட்டை மட்டும் புதிது. பிள்ளை படுத்த அன்றைக்கு ஊதாச் சட்டை போட்டிருந்தாராம். அதே நிறத்துக்காக மேட்டுப்பாளையம் முழுக்க அலைந்து, கிடைக்காமல் கோயம்புத்தூர் போய் வாங்கி வந்திருந்தார்.

“நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்குங்க” என்றாள் சம்யுக்தா. சாயத்துக்குக் கீழே முகம் இன்னும் வயதானதாகத் தெரிந்ததை அவள் சொல்லவில்லை.

பத்தேகாலுக்கு நாச்சி கண்ணைத் திறந்தாள். சம்யுக்தா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே பேசுவது ஸ்பீக்கரில் கேட்டது.

“உன் பேரு என்ன கண்ணு?” என்றாள் ஜெனிலா.

“நாச்சி.”

“எங்க இருக்கே, சொல்லு?”

“ஆஸ்பத்திரி.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“புதங்கெழமை. நேத்துச் செவ்வாயில்ல?” நாச்சி மெல்லத் தலையைத் திருப்பினாள். ஊதாச் சட்டையைப் பார்த்தாள். மேலே முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தாத்தா,” என்றாள் நாச்சி, தெரியாத பெரியவர்களிடம் பேசும் மரியாதையோடு, “எங்கம்மாளும் அப்பாவும் எங்க போனாங்க?”

ஜெனிலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிரணேஷ் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

“டீ குடிக்கப் போயிருக்காங்க சாமி. ரெண்டு பேரும் இப்ப வந்துருவாங்க.”

“நீங்க யாருங்க?”

“நானு பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணைக்கு வந்தவன் கண்ணு.”

நாச்சி கொஞ்சம் யோசித்தாள். “எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்குது. அவங்க வர்ற வரைக்கும் இங்கயே இருக்கறீங்களா?”

“இருக்கறேன் சாமி” என்று பிரணேஷ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.